கதவோரத்து ஸ்டிக்கரைப் படித்துவிட்டு டீசல் பிக்கப் வாங்குங்கள்

டெக்ஸாஸில் டீசல் பிக்கப் வண்டிகளைப் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. இது தெரிந்ததும் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "ஃபோர்டா, ராமா, ஷெவியா, எதுங்க நல்ல வண்டி?" கேட்பவர் மனதில் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு பதில் இருக்கும். நான் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான். நான் தலையாட்டாமல் இரண்டு கேள்வி திருப்பிக் கேட்பேன். என்ன டிரெய்லர் இழுக்கப் போகிறீர்கள், சாமான் ஏற்றிய பிறகு அதன் எடை என்ன? டிரெய்லர் இழுக்காத நாட்களில் வண்டி எங்கே போய்வரும்? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் கம்பெனி பெயரை வைத்துச் சண்டை போடுவது வீண்.

எஞ்சின் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 2025 மாடல்களில் ஃபோர்டின் 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக், உயர்திறன் வகையில் 500 குதிரைத்திறனும் 1,200 பவுண்டு-அடி டார்க்கும், அதாவது சுழற்றும் விசையும், தருகிறது. ராமின் 6.7 லிட்டர் கம்மின்ஸ் 430-ம் 1,075-ம். ஷெவர்லே (ஷெவி), ஜிஎம்சி இரண்டிலும் வரும் 6.6 லிட்டர் டியூராமேக்ஸ் 470-ம் 975-ம். 1989-இல், இன்றைக்கு ராம் என்று விற்கும் டாட்ஜ் பிக்கப்பில் முதன்முதலாகக் கம்மின்ஸ் வந்தபோது அது தந்தது 160 குதிரைத்திறன், 400 பவுண்டு-அடி. அதை வைத்துக்கொண்டே மாடு, குதிரை, வைக்கோல் எல்லாம் இழுத்தார்கள். இன்றைக்கு மூன்றில் எதை எடுத்தாலும் சாதாரணக் குடும்பத்துக்குத் தேவையானதைவிட அதிக சக்தி இருக்கிறது. எஞ்சினுக்கு வலு போதவில்லை என்று யாரும் என்னிடம் வண்டியைக் கொண்டுவந்ததில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால், கதவு மூடும் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். இதுதான் பேலோடு. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வரும் இழுவைத்திறன் அந்த மாடலின் ஏதோ ஒரு வகைக்கு, குறைந்தபட்ச வசதிகளோடு கணக்கிட்ட உச்ச எண். ஸ்டிக்கரில் இருப்பதோ நீங்கள் வாங்கப்போகும் அந்த ஒரு வண்டிக்கே உரியது. தோல் இருக்கை, சன்ரூஃப், ஓரப்படி என்று வசதி கூடக் கூட இந்த எண் இறங்கும். 10,000 பவுண்டுக்கு மேல் மொத்த எடை வரம்பு உள்ள வண்டிகளில் மஞ்சள் ஸ்டிக்கர் கட்டாயம் இல்லை. அங்கே சான்றிதழ் ஸ்டிக்கரில் இருக்கும் மொத்த எடை வரம்பிலிருந்து, எடைமேடையில் நிறுத்திப் பார்த்த வெறும் வண்டியின் எடையைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

டீசல் எஞ்சின் கனமானது. அதன் எடை முழுவதும் இந்தக் கணக்கில்தான் கழியும். ஆகவே ஒரே மாடலில் பெட்ரோல் எஞ்சின் வண்டிக்குப் பேலோடு அதிகமாகவும், கூடுதல் விலை கொடுத்து வாங்கிய டீசலுக்குக் குறைவாகவும் இருப்பதைப் பார்க்கலாம். ராம் 2500 டீசல் பலவற்றுக்கு மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டுதான். நான்கு கதவு, நான்கு சக்கர இழுப்பு, உயர்ரக உட்புறம் என்று எடுத்தால் மிஞ்சும் பேலோடு 2,000 பவுண்டை ஒட்டித்தான் இருக்கும்.

இப்போது ஒரு குடும்பத்தை ஏற்றிப் பார்ப்போம். வண்டியின் பின்னால் சாமான் ஏற்றும் தளத்தில் மாட்டும் ஃபிஃப்த் வீல் டிரெய்லர், சாமானோடு 12,000 பவுண்டு. அதன் எடையில் ஏறத்தாழ 20 சதவீதம் வண்டியின் மேல் இறங்கும். அது 2,400. டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் 150. அப்பா, அம்மா, பிள்ளைகள் இருவர் சேர்ந்து 550. ஜெனரேட்டர், ஐஸ் பெட்டி, கருவிகள் 200. மொத்தம் 3,300. ஸ்டிக்கர் சொல்வது 2,000. எஞ்சின் முணுமுணுக்காமல் இழுக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. பின் டயரும் பின் ஆக்சிலும் ஸ்பிரிங்கும்தான் ஒவ்வொரு மைலிலும் பாரத்தைச் சுமக்கின்றன. பின்புறம் தாழ்ந்து, முன் சக்கரத்தில் எடை குறைந்து, ஸ்டியரிங் பிடிப்பில்லாமல் ஆகிறது.

டிரெய்லர் விற்பவர் சொல்லும் எடையையும் அப்படியே நம்பாதீர்கள். அவர் சொல்வது பெரும்பாலும் தண்ணீர் இல்லாத, பாத்திரம் பண்டம் இல்லாத வெற்று எடை. ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு. 60 கேலன் தொட்டியை நிரப்பினால் அதுவே 500 பவுண்டு. டிரெய்லரின் ஸ்டிக்கரில் இருக்கும் அதிகபட்ச எடையை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாற மாட்டீர்கள்.

பின்புறம் தாழ்கிறது என்று பின் ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப் பை மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. காற்றுப் பை வைத்தால் வண்டி நிமிரும், ஸ்டிக்கரில் உள்ள எண் நிமிராது. கனமான ஃபிஃப்த் வீல் வாங்குவது உறுதி என்றால் முதலிலேயே அதிக பாரம் தாங்கும் 3500 வகைக்குப் போய்விடுவது உத்தமம். விலை வித்தியாசம் பெரிதில்லை. பின்னால் நான்கு சக்கரம் உள்ள டூவலி, பக்கக் காற்றுக்கு அசையாமல் நிற்கும். ஆனால் அதன் அகலம் ஏறத்தாழ 8 அடி. வங்கி டிரைவ்-த்ரூவில் பின் ஃபெண்டரைத் தேய்த்துக்கொண்டு வந்த டூவலிகளை அடிக்கடி பார்க்கிறேன்.

கணக்கில் சந்தேகம் இருந்தால் லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கிறது. செலவு அதிகமில்லை. ஆக்சில் வாரியாக எடை பிரித்து அச்சிட்டுத் தருவார்கள். குடும்பம், தண்ணீர், நாய் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய் ஒரு முறை நிறுத்துங்கள். லைசென்ஸும் எடையைப் பொறுத்ததுதான். டெக்ஸாஸில் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த எடை வரம்பு 26,001 பவுண்டு அல்லது அதற்கு மேல் போய், டிரெய்லரின் வரம்பும் 10,000-ஐத் தாண்டினால், சொந்த உபயோகமாக இருந்தாலும் சாதாரண கிளாஸ் சி லைசென்ஸ் செல்லாது. வணிகம் சாராத கிளாஸ் ஏ வேண்டும். டூவலி வாங்கும் பலருக்கு இது தெரிவதில்லை, விற்பவரும் சொல்வதில்லை.

டீசலுக்குக் கொடுக்கும் காசு நியாயமாகும் இடம் மலை. அதிலும் ஏற்றத்தைவிட இறக்கம். சமவெளியிலேயே ஓட்டிப் பழகிய நம் ஊர்க்காரர்கள் கோடை விடுமுறைக்கு டிரெய்லரோடு கொலராடோ போகிறார்கள். அங்கே ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசன்ஹவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேல் இருக்கிறது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் திறனை இழக்கும். டர்போ டீசல் அந்த அளவுக்குத் திணறாது. சுரங்கத்தைத் தாண்டி இறங்கும்போது டர்போவின் இதழ்கள் மூடி, புகையை வெளியேறவிடாமல் தடுத்து, எஞ்சினையே பிரேக்காக மாற்றுகின்றன. இதுதான் எக்ஸாஸ்ட் பிரேக். மூன்று கம்பெனியிலும் உண்டு, மூன்றும் நன்றாகவே வேலை செய்கின்றன. என் சொந்த ரசனைக்குக் கம்மின்ஸின் பிடி ஒரு படி மேல். பலர் அந்தப் பொத்தானை அழுத்துவதே இல்லை என்பதுதான் வருத்தம். பிரேக் பேட் கருகி, டிஸ்க் நீலம் பாய்ந்து வரும் வண்டிகளில் பொத்தான் எங்கே என்று கேட்டால் முழிப்பார்கள்.

அதோடு இன்னொன்று. டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைத் தானாகப் பிடிக்க வைக்கும் மெல்லிய கம்பி ஒன்று உண்டு. அதைப் பாதுகாப்புச் சங்கிலியிலோ ஹிட்ச்சிலோ சுற்றிவிடுகிறார்கள். ஹிட்ச்சே கழன்று போனால் கம்பியும் கூடவே போகும், பிரேக் பிடிக்காது. வண்டியின் சட்டத்தில் தனியாக மாட்டுங்கள். டிரெய்லரில் இருக்கும் பேட்டரிக்கு உயிர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அன்றாட ஓட்டத்துக்கு வருவோம். இங்கேதான் கம்பெனிகளுக்குள் உண்மையான வித்தியாசம் தெரிகிறது. ஷெவி, ஜிஎம்சி இரண்டிலும் முன் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும். ஃபோர்டு, ராம் நான்கு சக்கர இழுப்பு வண்டிகளில் முன்னால் ஒரே திட ஆக்சில். மேடு பள்ளத்தில் வெறும் வண்டியை ஓட்டினால் ஷெவியின் முன்புறம் அடங்கிப் போகும், மற்ற இரண்டும் கொஞ்சம் குதிக்கும். திட ஆக்சில் முரட்டு வேலைக்குத் தாங்கும், பனி வாரும் தகட்டை முன்னால் மாட்டுகிறவர்கள் அதைத்தான் விரும்புவார்கள். ராம் 2500-இன் பின்னால் பட்டை ஸ்பிரிங்குக்குப் பதில் சுருள் ஸ்பிரிங், அதனால் வெறும் வண்டி மென்மையாக ஓடும். ஃபோர்டின் உடல் 2017 மாடலிலிருந்து அலுமினியம். சாலையில் உப்புப் போடும் வட மாநிலங்களில் அது பெரிய வரம். அடிபட்டால் தட்டி நிமிர்த்துவது செலவு. மூன்றுமே நான்கு கதவு வகையில் ஏறத்தாழ 20 அடி அல்லது அதற்கு மேல் நீளம். வாங்குமுன் உங்கள் கராஜை அளந்து பாருங்கள். பல வீடுகளில் கராஜின் ஆழமே 20 அடிதான்.

என்னைக் கேட்டால், வாரம் முழுவதும் ஓட்டி மாதம் ஒரு முறை இழுப்பவருக்கு ஷெவி அல்லது ஜிஎம்சி. மாதம் முழுவதும் இழுப்பவருக்கு ராம் அல்லது ஃபோர்டு. ஆனால் வருடத்தில் இரண்டு மூன்று முறை மட்டும் இழுப்பவருக்கு டீசலே வேண்டாம்.

ஏனென்று சொல்கிறேன், பட்டறையில் நான் அதிகம் பார்க்கும் பழுது இதுதான். 2007-க்குப் பிறகு வந்த டீசல் பிக்கப்புகளின் புகைப் பாதையில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. நிரம்பியதும் கூடுதல் டீசலை எரித்து, வெப்பத்தில் கரியைச் சாம்பலாக்கித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு நெடுஞ்சாலை வேகத்தில் இருபது முப்பது நிமிட ஓட்டம் தேவை. பிள்ளையைப் பள்ளியில் விட மூன்று மைல், கடைக்கு இரண்டு மைல், வெயிலுக்கு ஏசி போட்டு அரை மணி நேரம் நிறுத்தி வைப்பது என்று போனால் சுத்தம் பாதியிலேயே நின்றுபோகும். நாளைக்கு மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். ஃபோர்டிலும் கம்மின்ஸிலும் இந்தக் கூடுதல் டீசல் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கப்படுவதால், எரியாத மிச்சம் எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு குறையாமல் கூடிக்கொண்டே போகிறது என்று மகிழ்ச்சியாகச் சொன்ன வாடிக்கையாளர்கள் உண்டு. டியூராமேக்ஸில் இதற்கென்று புகைக்குழாயிலேயே தனி இன்ஜெக்டர் இருப்பதால் ஆயிலுக்கு இந்தத் தொல்லை குறைவு, வடிகட்டி அடைப்பது மட்டும் பொதுவானது. அடைத்தே போனால் புது வடிகட்டிக்கு ஆயிரக்கணக்கில் டாலர்.

டீசல் எஞ்சினுக்கு மட்டும் கூடுதல் விலை ஏறத்தாழ 10,000 டாலர். ஆயில் மாற்ற ஃபோர்டுக்கு 13 குவார்ட் (ஒரு குவார்ட் ஏறத்தாழ ஒரு லிட்டர்), கம்மின்ஸுக்கு 12, டியூராமேக்ஸுக்கு 10. அதற்கு மேல் எரிபொருள் வடிகட்டிகள், புகையைச் சுத்தம் செய்யும் டெஃப் திரவம். பள்ளிக்கூடத்துக்குப் போய்வர இதை வைத்திருப்பது யானையைக் கட்டித் தீனி போடுவதுதான். ஃபோர்டின் 7.3 லிட்டர், ஷெவியின் 6.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின்கள் எளிமையானவை, வருடத்தில் சில பயணங்களுக்குத் தாராளமாகப் போதும்.

டெஃப் என்பது 32.5 சதவீத யூரியா கலந்த தண்ணீர். நீல மூடி அதற்குரியது. அவசரத்தில் அதை டீசல் தொட்டியில் ஊற்றிவிடுகிறார்கள். ஊற்றிவிட்டது தெரிந்த நொடியே நில்லுங்கள். சாவியைக்கூடத் திருப்ப வேண்டாம், டோ வண்டியைக் கூப்பிடுங்கள். தொட்டியைக் கழற்றிக் கழுவுவதோடு போய்விடும். ஓட்டிவிட்டால் பம்பு, குழாய், இன்ஜெக்டர்கள் என்று பில் பத்தாயிரத்தைத் தாண்டும், வாரண்டியும் கைகொடுக்காது. தொட்டியில் பெட்ரோல் நிரப்பிவிட்டாலும் இதே விதிதான். பச்சைக் கைப்பிடி என்றால் டீசல் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். பிபி கம்பெனியின் பெட்ரோல் பங்குகளில் பச்சைக் கைப்பிடி பெட்ரோலுக்கு.

பழைய வண்டி பார்க்கிறவர்களுக்குச் சிபி4 என்ற உயர் அழுத்த பம்பு பற்றித் தெரிந்திருக்க வேண்டும். 2011 முதல் ஃபோர்டிலும், 2011 முதல் 2016 வரை டியூராமேக்ஸிலும், 2019, 2020 ராமிலும் வந்தது. உள்ளே தேய்ந்தால் இரும்புத் தூள் எரிபொருள் பாதை முழுவதும் பரவிவிடும். ராம் அந்த வண்டிகளைத் திரும்ப அழைத்துப் பழைய சிபி3 பம்புக்கே போனது. நீங்கள் பார்க்கும் வண்டிக்கு அந்த வேலை நடந்துவிட்டதா என்று வண்டி எண்ணைக் கொடுத்து டீலரிடம் கேட்கலாம்.

டிபிஎஃப் தொல்லைக்குப் பயந்து அதையே அறுத்து எறிந்த வண்டிகளும் சந்தையில் நிறைய. "டெலீட் பண்ணியாச்சு, இனிமே பிரச்சினையே வராது" என்று பெருமையாகச் சொல்லி விற்பார்கள். மத்திய அரசின் தூய காற்றுச் சட்டப்படி அது சட்டமீறல். 2013 முதல் 2019 வரையிலான ராம் 2500, 3500 எஞ்சின்களின் புகைக் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காகக் கம்மின்ஸ் கம்பெனியே 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட 2023 டிசம்பரில் சம்மதித்தது. டெக்ஸாஸில் டீசல் வண்டிக்குப் புகைச் சோதனை இல்லாததால் டெலீட் செய்த வண்டி இங்கே கண்ணில் படாமல் ஓடும். வேலை மாறிக் கலிஃபோர்னியா போனால் பதிவு செய்ய முடியாது. கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. எஞ்சின் ஆறியிருக்கும்போது சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பாருங்கள். வடிகட்டி சரியாக இருக்கும் வண்டியில் விரல் ஏறக்குறையச் சுத்தமாகவே வரும். மை மாதிரி கறுப்பாக வந்தால் அங்கேயே கேள்வியைக் கேளுங்கள்.