மூச்சுத்திணறல் அல்ல, மூச்சுநிற்றல்

ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் விசைப்படகு ஓட்டும் என் மாமாவுக்கு ஓரிரவு உறக்கப் பரிசோதனை செய்தார்கள். கொடுத்த தாளில் தமிழில் இருந்தது ஒரே வரி: ‘தூக்க மூச்சுத்திணறல் குறியீடு 34, கடுமை.’ “எனக்கு எங்கப்பா திணறுது? படுத்தா அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குறேன்” என்று தாளை மடித்து அலமாரியில் செருகிவிட்டார். இந்த ஒரு சொல்லால் இன்னும் எத்தனை பேர் தாளைச் செருகி வைத்திருக்கிறார்களோ!

தூக்க மூச்சுத்திணறல் என்று அவர்கள் எழுதியது ஸ்லீப் அப்னியா என்ற நோயை. அப்னியா கிரேக்க வழிச் சொல். ‘அ’ என்றால் இன்மை, ‘ப்னோயா’ மூச்சு.

திணறல் என்பது திணறுகிறவருக்குத் தெரிவது. ஆஸ்துமாக்காரர் திணறுவார், நெஞ்சுநோய்க்காரர் மாடியேறினால் திணறுவார். அதற்கு மருத்துவத்தில் டிஸ்ப்னியா என்று தனிப்பெயர் உண்டு. அப்னியாக்காரருக்குப் பெரும்பாலும் எதுவுமே தெரியாது. உறக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுவழி அடைபடுகிறது. நெஞ்சு ஏறி இறங்கும், காற்று போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை அரைகுறையாக விழித்து, ஒரு பெரிய குறட்டையோடு மூச்சு திரும்பும். காலையில் நினைவிருக்காது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடுவது மொழிபெயர்ப்பே அல்ல.

‘மூச்சு நிறுத்தம்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. நிறுத்துவது பிறவினை. கீழக்கரையில் சங்கு குளிக்கிறவரும், பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் பெண்களும் தம் கட்டி முங்குகிறார்களே, அதுதான் மூச்சை நிறுத்துவது. முடியாதபோது மேலே வந்துவிடுவார்கள். தூங்குகிறவர் எதையும் நிறுத்தவில்லை. மூச்சு தானாக நிற்கிறது. ஆகவே மூச்சுநிற்றல், தொண்டை அடைபடும் வகைக்கு அடைப்பு மூச்சுநிற்றல்.

‘மூச்சு நின்றது என்றால் செத்துப்போனதாக அல்லவா பொருள்?’ என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பக்கத்தில் படுக்கும் அத்தை சொன்னது, “மூச்சு நின்னு நின்னு வருதுப்பா.” அடுக்கிச் சொன்னதிலேயே திரும்பி வருவதும் அடங்கிவிட்டது. ‘உறக்கத்தில்’ என்று முன்னால் சேர்த்தால் யாரும் சாவென்று எண்ணப்போவதில்லை.

அடுத்தது அந்தக் ‘குறியீடு’. அஞ்சல் குறியீடு ஓர் அடையாளம். அதைக் கூட்டவோ வகுக்கவோ முடியாது. இங்கே 34 என்பது எண்ணி வகுத்து வந்த கணக்கு. மூச்சு நின்ற தடவைகளோடு வெகுவாய்க் குறைந்த தடவைகளையும் கூட்டி, உறங்கிய மணிகளால் வகுக்கிறார்கள். ஒவ்வொன்றும் குறைந்தது 10 விநாடி நீடித்திருக்க வேண்டும். 7 மணி நேர உறக்கத்தில் 140 தடவை என்றால் மணிக்கு 20. பெரியவர்களுக்கு 5 முதல் 15க்குள் லேசு, 30க்குள் நடுத்தரம், 30ம் அதற்கு மேலும் கடுமை. இதற்கு ‘வீதம்’ என்ற சொல் கையருகே இருக்கிறது: மூச்சுநிற்றல் வீதம், மணிக்கு 34. ‘மணிக்கு’ என்ற சொல்லை விழுங்கிவிட்டு வெறும் எண்ணை நீட்டினால் படிக்கிறவர் என்ன செய்வார்?

மறுநாள் மாமாவிடம் இப்படிச் சொன்னேன்: “மணிக்கு 34 தடவை உங்க மூச்சு நிக்குது, இல்லைன்னா ரொம்பக் குறையுது.” அத்தையைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கவா?” என்று கேட்டுக்கொண்டே அலமாரியைத் திறந்தார்.