"அவர் எப்பவும் அப்படித்தான்" என்று எழுதுவதற்கு முன்னால்

அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்களைப் பராமரிக்கும் எங்கள் இல்லத்துக்கு அண்மையில் நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் வந்து சேர்ந்தார். பேச்சு கிடையாது. முன்பு இருந்த இடத்திலிருந்து வந்த கோப்பில் "ஆக்ரோஷம், கையைக் கடித்துக்கொள்ளும் பழக்கம், இரவில் உறங்குவதில்லை" என்று இருந்தது. ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மருந்தின் அளவைப் படிப்படியாகக் கூட்டியிருந்தார்கள். இரண்டு பக்கம் தள்ளி "அடிக்கடி பேதி" என்று ஒரு வரி. அதை நிறுத்தவும் மாத்திரை. வயிற்றைத் தொட்டுப் பார்த்ததாக எங்கேயும் குறிப்பில்லை.

எங்கள் செவிலியர் வந்த அன்றே தொட்டுப் பார்த்தார். உப்பிக் கெட்டியாக இருந்தது. மருத்துவமனையில் படம் எடுத்தபோது பெருங்குடல் முழுக்க மலம் இறுகிக் கிடந்தது. பேதி என்று நினைத்தது, இறுகிய மலத்தைச் சுற்றிக்கொண்டு கசிந்து வந்த நீர். அதற்குப் பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் விளக்கத் தேவையில்லை. குடல் சுத்தமான சில நாளில் கையைக் கடிப்பதும் குறைந்தது, தூக்கமும் வந்தது.

இப்படி வருகிறவர்களை எத்தனையோ முறை பார்த்தாயிற்று. சிலருக்கு வயிறு, சிலருக்குப் பல், சிலருக்குக் காது. கோப்பில் எழுதியிருப்பது மட்டும் மாறுவதே இல்லை: "அவர் எப்பவும் அப்படித்தான்."

அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர் ஒருவர் திடீரென்று கத்துகிறார், அடிக்கிறார், சாப்பிட மறுக்கிறார், ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொள்கிறார் என்றால், "ஆட்டிசம் இருக்கிறவங்க அப்படித்தான்" என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. சரி, யோசித்துப் பாருங்கள். ஆட்டிசம் போன மாதமும் இருந்தது. போன வருடமும் இருந்தது. தலையைச் சுவரில் முட்டுவது இந்த வாரம்தான் ஆரம்பித்தது. இந்த வாரம் புதிதாக வந்ததற்கு, பிறவியிலிருந்தே இருக்கிற ஒன்று எப்படிக் காரணமாகும்? வேறு எந்த மனிதர் இப்படி மாறினாலும் "உடம்புக்கு என்ன?" என்று கேட்போம். இவர்களிடம் மட்டும் அந்தக் கேள்வி வருவதில்லை. மருத்துவத்தில் இதற்கு டயக்னாஸ்டிக் ஓவர்ஷேடோயிங் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பழைய நோயறிதலின் நிழலில் புது நோய் மறைந்துபோவது.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு: "அவங்களுக்கு வலி அவ்வளவா உறைக்காது." எனக்கு மிகவும் கோபம் வருவது இதைக் கேட்டால்தான். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாததும் வலிக்காததும் ஒன்றா? வலியில் சிலர் சிரிப்பார்கள். சிலர் அசையாமல் இருந்துவிடுவார்கள். சிலர் வலிக்கிற இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தை அடித்துக்கொள்வார்கள். நாம் எதிர்பார்க்கிற மாதிரி முகத்தைச் சுளிக்கவில்லை என்பதற்காக வலி இல்லாமல் போய்விடாது. இதை மூத்த ஊழியர்களே சொல்லும்போது வருகிற வேதனையைத் தாங்க முடிவதில்லை.

இதன் விலை என்ன என்பது ஆவணமாகவே இருக்கிறது. இங்கிலாந்தில் அறிவுசார் குறைபாடு இருந்த 247 பேரின் மரணங்களை ஆராய்ந்து 2013-இல் ஓர் அறிக்கை வந்தது. பொது மக்களோடு ஒப்பிட்டால் ஆண்கள் 13 ஆண்டுகளும் பெண்கள் 20 ஆண்டுகளும் முன்னதாக இறந்திருந்தார்கள். நோயைக் கண்டுபிடிப்பதிலும் சிகிச்சையிலும் ஏற்பட்ட தாமதம் அதில் திரும்பத் திரும்ப வருகிறது. அதே நாட்டில் 2015-இல் இன்னொரு கணக்கு: மனநோய் மருந்தோ மனச்சோர்வு மருந்தோ, இரண்டுமோ, தகுந்த காரணம் இல்லாமல் பெற்றுக்கொண்டிருந்த அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்கள் 30,000 முதல் 35,000 பேர். அங்கே கணக்கெடுத்தார்கள், எண் தெரிந்தது. கணக்கெடுக்காத இடங்களில் நிலைமை மேலாக இருக்கும் என்று நம்ப எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

மருந்துகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மனநோய் மருந்துகள் பல மலச்சிக்கலை உண்டாக்கும். சிலருக்கு உட்காரவே முடியாத ஒரு தவிப்பையும் கொடுக்கும், கால்களை ஓயாமல் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருப்பார்கள். அதை "கிளர்ச்சி அதிகமாகிவிட்டது" என்று எழுதி, அதே மருந்தைக் கூட்டுகிறோம். ஃபெனிடோயின் ஈறுகளை வீங்க வைக்கும். ஃபெனிடோயின், வால்ப்ரோயேட் போன்ற வலிப்பு மருந்துகளை ஆண்டுக்கணக்கில் எடுத்தால் எலும்பு பலவீனமாகலாம், சின்ன விழுதலிலும் முறியலாம். "நடக்க அடம் பிடிக்கிறார்" என்று படித்தவுடன் எனக்கு முதலில் தோன்றுவது இடுப்பு எலும்புதான். அதற்காக யாரும் மருந்தைத் தாங்களாகவே நிறுத்திவிட வேண்டாம், அது வேறு ஆபத்து. எதற்காக ஆரம்பித்தது, இன்னும் தேவையா, எப்போது மறுபரிசீலனை என்ற மூன்று கேள்விகளை மருத்துவரிடம் கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள்.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அல்சைமர் என்ற மறதிநோய் (டிமென்ஷியாவில் ஒரு வகை) மற்றவர்களைவிட வெகு சீக்கிரம், நாற்பதுகளிலேயே கூட, தொடங்கலாம். உண்மைதான். ஆனால் இது தெரிந்த பிறகு எல்லா மந்தத்துக்கும் "டிமென்ஷியா" என்று எழுதிவிடுகிறார்கள். தைராய்டு குறைவு, காது கேளாமை, கண்புரை, மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது என்று எல்லாமே இவர்களிடம் அதிகம், எல்லாவற்றுக்கும் வழி உண்டு. இவற்றைப் பார்த்து முடித்த பிறகு டிமென்ஷியாவுக்கு வாருங்கள்.

அப்புறம், வயது. நாற்பத்தைந்து வயதுப் பெண்ணை "பாப்பா" என்று கூப்பிடும் இல்லத்தில் மாதவிடாய் நிற்கும் காலத்துத் தொல்லைகள் யாருடைய யோசனைக்கும் வராது. மார்பகப் பரிசோதனைக்கு அழைத்துப்போகவும் தோன்றாது. பாசமாகத்தான் அழைக்கிறார்கள், தெரியும். நிறுத்துங்கள்.

இல்லங்களை நடத்துகிறவர்களுக்கு, என்னையும் சேர்த்து: படிவம் நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பது நிர்வாகம் ஆகாது. மலம் கழித்த அட்டவணையில் நான்கு நாள் காலியாக இருந்தால், அதை எழுதியவர் யாரிடம் சொன்னார், கேட்டவர் என்ன செய்தார் என்று பாருங்கள். எங்கள் இல்லத்தில் 3 நாள் தாண்டினால் செவிலியருக்குப் போன், இரவானாலும் சரி. எடை மாதம் ஒரு முறை. குறைந்தால் காரணம் தெரியும்வரை விடுவதில்லை. சாப்பிடும்போது இருமல், தொண்டையில் நீர் தேங்கியது போன்ற ஈரக் குரல், திரும்பத் திரும்ப நெஞ்சுச் சளி என்றால் விழுங்குவதைப் பரிசோதிக்க ஸ்பீச் தெரபிஸ்டிடம் உடனே அனுப்புங்கள். உணவு நுரையீரலுக்குள் போவது இவர்களில் பலரைக் கொல்கிறது. படுத்த நிலையில் யாருக்கும் ஊட்டாதீர்கள். வலிப்பு உள்ளவரைக் குளியல் தொட்டியில் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள், துண்டு எடுக்கப் போனேன் என்று என்னிடம் சொல்லாதீர்கள். யாரையும் குப்புறப் போட்டு அழுத்திப் பிடிக்காதீர்கள். மூச்சு நின்றுபோகும். பயிற்சி அளிக்காமல் பணியில் இறக்கிவிட்டு, பிடித்தவர் மேல் பழி போடவும் வேண்டாம்.

ஊழியர்களை மாற்றி மாற்றிப் போடுவதை நிறுத்துவதுதான் இதில் கடினமானது, பணம் செலவாகும். ஆனால் ஒருவரை ஆறு மாதம் குளிப்பாட்டி, ஊட்டி, உடன் நடந்தவருக்குத்தான் "இன்றைக்கு ஏதோ சரியில்லை" என்று தெரியும். எங்கள் துறையில் மிகக் கூர்மையான நோயறிதல் கருவி அதுதான், அதற்குத்தான் மிகக் குறைந்த சம்பளம் தருகிறோம். இரவு ஷிப்ட் பார்க்கிறவரைக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். தூக்கத்தில் முனகுவது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பது எல்லாம் அவர் கண்ணில்தான் படுகிறது. மருத்துவரிடம் போகும்போதும் அவரோ, அந்த நபரை அறிந்த இன்னொருவரோ போகட்டும். "ஆக்ரோஷமாக இருக்கிறார்" என்று சொல்லாதீர்கள். "செவ்வாய்க்கிழமையிலிருந்து, சாப்பிட்டு அரை மணி நேரத்தில், வலது கன்னத்தை அடிக்கிறார், முன்பு செய்ததில்லை" என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகும் வாயைத் திறந்து பார்க்காமல் மருத்துவர் மாத்திரை எழுதினால், பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

பெற்றோருக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் கெஞ்சிக் கேட்கிறேன். உங்கள் மகளோ அண்ணனோ இல்லத்துக்குப் போகும் முன் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். காய்ச்சல் வந்தால் எப்படி இருப்பார், பல் வலித்தால் எங்கே கை போகும், சந்தோஷத்தில் என்ன சத்தம் வரும், பயந்தால் என்ன சத்தம். நீங்கள் இதைச் சாதாரணமாக நினைக்கலாம், எங்களுக்கு வேறு வழியில் கிடைக்காது. பார்க்க வரும்போது "ஏதோ மாறியிருக்கிறார்" என்று பட்டால், ஊழியர்கள் சங்கடப்படுவார்கள் என்று விழுங்கிவிடாமல் சொல்லுங்கள். இல்லத்தின் தலைவரிடம் நேராகவே சொல்லுங்கள். நீங்கள் எழுதிய அந்த ஒரு பக்கத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை மருத்துவமனைப் பையில் வைத்துவிடுங்கள். நள்ளிரவில் அவசரப் பிரிவுக்குப் போனால், அங்கே இருப்பவர்கள் முதலில் படிக்க வேண்டிய தாள் அது.