காணொளி போட்ட பிறகு காப்புரிமைக்கு வராதீர்கள்

இந்த ஆண்டில் இது ஐந்தாவது முறை. பாசன மோட்டாருக்குப் புதிய கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றை உருவாக்கியவர் என் அலுவலகத்துக்கு வந்து, கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டி, "எட்டு மாதத்துக்கு முன்பே யூடியூபில் போட்டுவிட்டேன் சார், தேதியோடு ஆதாரம் இருக்கிறது" என்றார். அவர் ஆதாரம் என்று பத்திரப்படுத்தி வைத்திருந்தது அவருடைய காப்புரிமை (பேட்டண்ட்) விண்ணப்பத்துக்கே எதிரான சாட்சி என்பதைச் சொல்லிப் புரியவைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

முதலில் செய்தவர் என்று நிரூபித்துவிட்டால் உரிமை தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்கள், ரைட் சகோதரர்களுக்கு ஜெர்மனியில் நேர்ந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். இறக்கையை முறுக்கி விமானத்தின் சமநிலையைக் காக்கும் முறைக்கு அவர்கள் அமெரிக்காவில் விண்ணப்பித்தது 1903 மார்ச் 23 அன்று. ஆனால் 1901 செப்டம்பரிலேயே வில்பர் ரைட் சிகாகோவில் பொறியாளர் சங்கம் ஒன்றில் தம் கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்) சோதனைகளைப் பற்றி உரையாற்றியிருந்தார்; 1903-இல் அவர்களுடைய நண்பர் ஆக்டேவ் ஷனூட்டும் பாரிஸில் அவற்றை விவரித்தார். பின்னர் ஜெர்மனியில் போட்டி நிறுவனங்களுடன் வழக்கு மூண்டபோது, இந்த இரண்டு உரைகளிலும் கண்டுபிடிப்பு முன்கூட்டியே வெளிப்பட்டுவிட்டது என்று கூறி நீதிமன்றம் அந்தக் காப்புரிமை செல்லாது என்றது. கண்டுபிடித்தவர்கள் ரைட் சகோதரர்கள் அல்லர் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. அவர்களும் அவர்களுடைய நண்பரும் பேசியதே அவர்களுக்கு எதிராக நின்றது.

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. காப்புரிமை என்பது முதலில் செய்தவருக்குத் தரும் பரிசன்று. நீங்கள் மறைத்து வைத்திருக்கும் ஒன்றை உலகுக்கு முழுமையாகச் சொல்கிறீர்கள், அதற்கு ஈடாக அரசு சில ஆண்டுகளுக்குத் தனியுரிமை தருகிறது. ஏற்கெனவே ஊருக்குச் சொல்லிவிட்ட பிறகு ஈடாகக் கொடுக்க உங்களிடம் என்ன இருக்கிறது? சொன்னவர் நீங்களே என்பதால் நிலைமை மாறிவிடாது.

அமெரிக்கச் சட்டம் அக்காலத்தில் வெளியீட்டுக்குப் பின் இரண்டு ஆண்டு அவகாசம் தந்ததால் அங்கே ரைட் காப்புரிமை நிலைத்தது. 1906 மே 22 அன்று அது வழங்கப்பட்டது. 1909-இல் போட்டி விமானத் தயாரிப்பாளர் கிளென் கர்டிஸின் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கு, 1914 ஜனவரியில் மேல்முறையீட்டிலும் ரைட் தரப்புக்குச் சாதகமாகவே முடிந்தது. கர்டிஸ் இடம்பெற்றிருந்த விமானச் சோதனைக் குழுவைச் சேர்ந்த செல்ஃப்ரிட்ஜ் 1908 ஜனவரியில் கிளைடர் கட்டுமானம் பற்றிக் கேட்டு எழுதியதற்கு ரைட் சகோதரர்கள் பதில் எழுதியதைப் பெரிய தவறாகச் சிலர் பேசுவார்கள். சட்டப்படி அதில் இழப்பு ஒன்றுமில்லை, ஏனெனில் காப்புரிமை கையில் வந்து ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. விண்ணப்பித்த பிறகு பேசுவதற்கும் அதற்கு முன் பேசுவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

நம் சட்டத்திலும் விலக்குகள் உண்டு. மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சியில் வைத்தாலோ, கற்றறிந்தோர் சங்கத்தில் (துறை அறிஞர்களின் அமைப்பில்) கட்டுரை வாசித்தாலோ பன்னிரண்டு மாத அவகாசம் கிடைக்கும். உங்கள் கல்லூரித் தொழில்நுட்ப விழாவும் வாட்ஸ்அப் குழுவும் அதில் அடங்கா.

ஆகவே, கருத்தரங்கு, கண்காட்சி, பத்திரிகைப் பேட்டி, மாதிரி விற்பனை எதுவாக இருந்தாலும் அதற்கு முன்பே தற்காலிக விவரக்குறிப்புடன் (கண்டுபிடிப்பை விவரிக்கும் முதற்கட்ட ஆவணம்) விண்ணப்பித்துவிடுங்கள். தனிநபர் இணையவழி விண்ணப்பிக்கக் கட்டணம் 1,600 ரூபாய்தான். முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்யப் பன்னிரண்டு மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் முதலீட்டாளரிடமோ பட்டறைக்காரரிடமோ காட்ட நேர்ந்தால், ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்காமல் வரைபடத்தை மேசைமேல் விரிக்காதீர்கள். ஷனூட்டைப் போல நல்லெண்ணத்தோடு பேசும் நண்பர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

ஏற்கெனவே வெளியிட்டுவிட்டவர்கள் காணொளியை இப்போது நீக்குவதால் பயனில்லை. அதில் காட்டாத பகுதி, பிறகு செய்த மேம்பாடு ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். அது புதியதாகவும் எளிதில் ஊகிக்க முடியாததாகவும் இருந்தால் அதற்கு மட்டும் விண்ணப்பிக்க வழியுண்டு. மோட்டார்க் கருவி செய்தவர் மின்னழுத்தம் குறையும்போது தானே நின்று மீண்டும் இயங்கும் ஒரு பகுதியைக் காணொளிக்குப் பிறகுதான் சேர்த்திருக்கிறார். இப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.