வளைந்த மரத்தடுப்பு: பிளை மூடும் முன் சட்டத்தைப் பாருங்கள்

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே வளைந்த மரத்தடுப்பு கேட்கிறார்கள். நன்றாகச் செய்தால் வீட்டுக்கே தனி அழகு. ஆனால் மேற்பரப்பு அலை அலையாகத் தெரிகிறது, மைக்கா பிரிகிறது என்று என்னைக் கூப்பிட்ட வீடுகளில் பெரும்பாலும் கோளாறு உள்ளே இருக்கும் சட்டத்தில்தான்.

வளைவைத் தீர்மானிப்பது தரையிலும் மேலேயும் வரும் இரண்டு பட்டைகள். ஆசாரி தரையில் ஆணி அடித்து, நூல் கட்டி, முழு அளவில் வளைவை வரைய வேண்டும். அதே வளைவில் 18 மில்லி பிளையை வெட்டி, இரண்டு அடுக்காக, இணைப்பு ஒன்றின் மேல் ஒன்று வராமல் ஒட்டி முடுக்க வேண்டும். மேல்பட்டை கீழ்ப்பட்டைக்கு நேர் மேலே வருகிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள்.

நிற்கும் சட்டத்தில்தான் பலர் மிச்சம் பிடிக்கிறார்கள். 4 அடி ஆரத்தில் கால் வட்டம் என்றால் வளைவு நீளம் சுமார் 6 அடி 3 அங்குலம். 2 அடிக்கு ஒரு சட்டம் வைத்தால், இரண்டு சட்டத்துக்கு நடுவில் நேர்கோட்டுக்கும் வளைவுக்கும் ஒன்றரை அங்குலம் வித்தியாசம் வரும். 6 அங்குலத்துக்கு ஒன்று வைத்தால் இரண்டரை மில்லிகூட வராது. 14 சட்டம் தேவைப்படும், செலவு கூடும். பரவாயில்லை, இங்கே மட்டும் குறைக்காதீர்கள்.

சட்டத்தை மூடப் போடும் ஃபிளெக்ஸி பிளை (வளையும் பிளைவுட்) ஒரு திசையில்தான் வளையும். சில பலகை நீளவாக்கில் வளையும், சில பலகை அகலவாக்கில் வளையும். கடையிலேயே வளைத்துப் பார்த்து வாங்குங்கள்.

"தோட்டத்துல வெட்டுன வேம்பு கிடக்குதுங்க, அதையே போட்டுக்கலாமா?" என்று கேட்பார்கள். காய்ந்திருந்தால் சரி. ஈரம் 12 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சட்டம் முறுக்கிக்கொள்ளும், அப்புறம் பிளையும் கூடவே போகும். பொள்ளாச்சி ஈரமும் கரூர் வெயிலும் ஒன்றல்ல. எந்த மரமானாலும் வேலைக்கு முன் இரண்டு வாரம் அந்த வீட்டுக்குள்ளேயே அடுக்கி வையுங்கள். கரையான் மருந்தும் மூடும் முன்பே அடித்தாக வேண்டும்.

இந்த இடத்தில் பழைய செங்கல் சுவரை எடுக்கிறீர்கள் என்றால், அது கூரையையோ உத்தரத்தையோ தாங்குகிறதா என்று பொறியாளரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். மரத்தடுப்பு அந்தப் பாரத்தைத் தாங்காது.

பிளை மூடும் முன் வயரிங் பைப் போகும் வழியை அளவு டேப் வைத்துப் போட்டோ எடுத்து வையுங்கள். நாளைக்குப் படம் மாட்டத் துளை போடும்போது அது வேண்டும்.