யானைக் கணக்கும் நடுக்குளத்து ஓட்டையும்

வன்னியில் யானை இறங்கும் வயல்களுக்கு, அதிர்வை வைத்து யானையை அறியும் சென்சர் கருவிகள் பூட்டித் தருவது என் தொழில். கமக்காரர் அமைப்புக் கூட்டங்களில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார், எல்லாக் கருவியும் காட்டுகிற எண்ணைக் கூட்டினால் யானைத் தொகை வந்துவிடும்தானே என்று.

வராது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நாலைந்து கருவிகளுக்கும் ஒரே யானை தட்டுப்படும், ஒவ்வொன்றும் அதைத் தன் கணக்கில் சேர்க்கும். எந்த யானை, எந்தப் பக்கம் நிற்கிறது என்பதெல்லாம் கருவிக்குத் தெரியாது, தன் எல்லைக்குள் எத்தனை என்பது மட்டும்தான். சரி, ஆகக் கூடிய எண்ணை எடுப்போம் என்றால் தொகை குறைந்துபோகும்.

இதற்கு இடவியலில், அதாவது வடிவங்களின் துண்டு, ஓட்டை போன்றவற்றை ஆராயும் கணிதத்தில், வழி இருக்கிறது. கணிதவியலாளர்கள் யூலி பரிஷ்னிகோவும் ராபர்ட் கிரிஸ்டும் 2009இல் வெளியிட்ட கட்டுரையில் ஒயிலரின் பழைய எண்ணைக் கொண்டே, அதாவது துண்டுகளில் ஓட்டைகளைக் கழித்தால் வரும் எண்ணைக் கொண்டே, இதைச் செய்து காட்டினார்கள். ஒன்றும் அதற்கு மேலும் காட்டும் கருவிகள் இருக்கும் பரப்பை வரைபடத்தில் நிறம் தீட்டுங்கள். தனித் துண்டுகளை எண்ணி, ஓட்டைகளைக் கழியுங்கள். அப்புறம் இரண்டும் மேலும், பிறகு மூன்றும் மேலும் என்று போய், வந்த விடைகளை எல்லாம் கூட்டுங்கள். அவ்வளவுதான்.

ஒரு குளத்தைச் சுற்றி மூன்று யானைகள் நிற்கின்றன என்று வையுங்கள். ஒவ்வொன்றும் தட்டுப்படும் வட்டம் மற்ற இரண்டோடும் கொஞ்சம் மேவுகிறது, ஆனால் நடுத்தண்ணீரை எந்த வட்டமும் எட்டவில்லை. முதல் படியில் ஒரு துண்டு, ஒரு ஓட்டை: பூச்சியம். இரண்டாம் படியில், வட்டங்கள் மேவும் இடங்களான மூன்று தனித் துண்டுகள்: 3. ஆக மொத்தம் 3, இத்தனைக்கும் எந்தக் கருவியும் இரண்டுக்கு மேல் காட்டவே இல்லை!

இனித்தான் கவனம். காசு மிச்சம் என்று நடுக்குளத்தில் கருவி மிதக்க விடாமல், குளக்கட்டைச் சுற்றி மட்டும் பூட்டினால் அந்த ஓட்டை கணினிக்குத் தெரியாது, இடைவெளியை அது நிரப்பிவிடும், முதல் படி ஒன்றாகி 4 யானை என்று வரும். தண்ணீருக்குள் யானையா நிற்கப்போகிறது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அங்கே பூச்சியம் என்று சொல்லவும் ஒரு கருவி வேண்டும்.

இன்னொன்று, யானை மிகக் கிட்ட வந்தால் அதிர்வு கூடி வாயடைத்துப் போகிற மலிவுக் கருவிகள். அப்படியானால் யானை தட்டுப்படும் பரப்பு நடுவில் ஓட்டையுள்ள வளையமாகிவிடும், ஒரு துண்டில் ஒரு ஓட்டை கழிந்து அந்த யானை கணக்கிலேயே வராது. வட்டம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, ஓட்டை இருக்கக் கூடாது. வாங்கும்போது தூரம் எவ்வளவு பிடிக்கும் என்று கேட்கிறவர்கள், காலடியில் பிடிக்குமா என்றும் கேளுங்கள்.