உணர்ச்சிவாதம் அன்று, பரபரப்பூட்டல்

கொழும்பில் அண்மையில் நடந்த ஊடகப் பயிற்சிப் பட்டறை ஒன்றில் மும்மொழிக் கையேடு ஒன்றைத் தந்தார்கள். போர்ச் செய்தி வழங்கும் தொலைக்காட்சிச் செய்தியாளர் தவிர்க்க வேண்டியவை என்று அதன் தமிழ்ப் பக்கத்தில் ஒரு பட்டியல் இருந்தது. முதலாவது ‘உணர்ச்சிவாதம்’. இரண்டாவது ‘சுய ஊக்குவிப்பு’. காதில் மாட்டியிருந்த கருவியிலும் உரைபெயர்ப்பாளர் இவற்றையே சொன்னார். மதிய உணவுக்கு முன்னரே பத்துப் பன்னிரண்டு முறை கேட்டுவிட்டேன். இந்தச் சொற்களை நான் கேட்பது இது முதல்முறையும் அன்று. தேநீர் இடைவேளையில், மட்டக்களப்பிலிருந்து வந்திருந்த இளம் செய்தியாளர் ஒருவர் என்னிடம், “அப்படியென்றால் அழுகிற தாயைக் காட்டக் கூடாதா, ஐயா?” என்று கேட்டார். அவர் மீது பிழை இல்லை. அச்சடித்த சொல் அவருக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்தது.

ஆங்கிலப் பக்கத்தில் ‘உணர்ச்சிவாதத்தின்’ இடத்தில் இருந்த சொல் சென்சேஷனலிசம்: பார்ப்பவரைப் பதறவைக்கும் விதத்தில் செய்தி தருவது. அதன் வேர், உணர்தலைக் குறிக்கும் இலத்தீன் சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இச்சொல் முதலில் மெய்யியலில் வழங்கியது: அறிவு முழுவதும் புலன்கள் வழியாகவே வருகிறது என்ற கொள்கைக்கு அது பெயர். 1860களில், வாசகரைப் பதறவைக்கும் மர்மக் கதைகள் இங்கிலாந்தில் பெருகியபோது அவற்றின் போக்கையும் அதே சொல்லால் குறித்தார்கள். அங்கிருந்து பத்திரிகைக்கு வந்தது, பத்திரிகையிலிருந்து தொலைக்காட்சிக்கு. வரலாறு இவ்வளவுதான். நம் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. மெய்யியல் பொருளுக்குத் தமிழில் ‘புலனுணர்வுவாதம்’ என்று சொன்னால் அது சரி. அங்கே ஒரு கொள்கை இருக்கிறது, அதை வாதிடுபவர் இருக்கிறார். அகராதியின் முதல் வரியைப் பார்த்துவிட்டு இரண்டாம் வரிக்குப் போகாத யாரோ ஒருவர் அந்த ‘வாதத்தை’ செய்தி அறைக்குள்ளும் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

வாதம் என்ற ஈறு தமிழில் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். தேசியவாதம், பொருள்முதல்வாதம், பெண்ணியவாதம். ஒவ்வொன்றிலும் ஒரு நிலைப்பாடு இருக்கிறது. அதை ஏற்றவர் ‘வாதி’ ஆகிறார். குண்டு விழுந்த பத்து வினாடிக் காட்சியை ஒரு மணி நேரம் சுழற்றிச் சுழற்றி ஒளிபரப்பும் அலைவரிசை எந்த நிலைப்பாட்டை வாதிடுகிறது? அது ஒரு செயலைச் செய்கிறது, அவ்வளவுதான். செயலுக்குக் கொள்கைப் பெயர் சூட்டினால் அதற்கு இல்லாத மதிப்பு வந்து சேர்கிறது. “பயங்கரவாதமும் செயல்தானே, அதை ஏற்றுக்கொண்டோமே” என்று ஒரு நண்பர் மடக்கினார். ஏற்றுக்கொண்டோம், வேரூன்றிவிட்டது, இனிப் பிடுங்க முடியாது. ஆங்கிலத்தில் ‘இசம்’ கண்ட இடமெல்லாம் தமிழில் வாதம் வைக்கும் பழக்கத்தின் விளைவு அது. ஒரு பிழை வழக்காகிவிட்டது என்பது அடுத்த பிழைக்கு அனுமதி ஆகாது.

வாதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாதது அதன் முன்னால் நிற்கும் உணர்ச்சி. உணர்ச்சி எப்போது குற்றமாயிற்று? 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். பிள்ளையின் படத்தை மடியில் வைத்திருக்கும் தாய் பேசினால் அதில் உணர்ச்சி இல்லாமல் வேறு என்ன இருக்கும்? அதை அப்படியே காட்டும் செய்தியாளர் தம் தொழிலைச் சரியாகச் செய்கிறார். அந்தத் தாயின் குரலுக்குப் பின்னால் சோக இசையைச் சேர்த்து, கண்ணீர்த் துளியை மெதுவாக ஓடவிட்டு, இடையில் விளம்பரத்துக்குப் போகிறவர்தாம் குற்றம் செய்கிறார். இந்த இருவரையும் ஒரே சொல்லில் அடைத்தால் முதலாமவர்தான் தண்டிக்கப்படுவார். கொழும்பில் தமிழராக வாழ்ந்தவர்களுக்கு இது புரியும். நம் துயரத்தைச் சொல்லப் போகும் இடமெல்லாம் “உணர்ச்சிவசப்படாதீர்கள்” என்ற அறிவுரை நமக்கு முன்னரே போய் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு நம் மொழியிலேயே ஒரு கலைச்சொல்லும் செய்துகொடுக்க வேண்டுமா?

வேறு சிலர் ‘கிளர்ச்சியூட்டல்’ என்று எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் இது எப்படி ஒலிக்கிறதோ, இலங்கையில் கிளர்ச்சி என்றால் 1971இன் கிளர்ச்சி, 1987 முதல் 1989 வரையான கிளர்ச்சி. ஆயுதம் ஏந்திய எழுச்சி என்பதே இங்கே முதலில் மனத்தில் படும் பொருள். ‘கிளர்ச்சியூட்டும் செய்தி’ என்று ஒரு செய்தியாளரைக் குறைகூறினால், மக்களை எழுச்சிக்குத் தூண்டினார் என்ற பொருளும் அதிலேயே வந்துவிடும். எழுத்தின் மூலம் இனங்களுக்கிடையே பகையைத் தூண்டினார் என்று 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் குற்றஞ்சாட்டப்பட்டு, 2009 ஓகஸ்ட் 31 அன்று ஊடகவியலாளர் ஜே. எஸ். திஸ்ஸநாயகம் இருபது ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்ற நாடு இது. பின்னர் மன்னிப்புக் கிடைத்தது. ஆனால் சொல்லின் எடை எவ்வளவு என்று நமக்குத் தெரிந்துவிட்டது. இந்த நாட்டில் அந்தச் சொல்லைக் கவனமில்லாமல் கையாளக் கூடாது.

‘மிகைப்படுத்தல்’ தெளிவான சொல்தான், ஆனால் இதற்குப் பொருந்தாது. மிகைப்படுத்தல் அளவைப் பற்றியது: பத்தை நூறாக்குவது. ஒரு செய்தியில் ஒரு சொல்கூட மிகையில்லாமல் இருந்தும், அதைத் தரும் விதம் பார்ப்பவரின் நெஞ்சைப் படபடக்க வைக்கலாம்.

‘மஞ்சள் இதழியல்’ என்பதையும் முன்மொழிகிறார்கள். அதன் பெயர் போரோடு சேர்த்துப் பேசப்படுவது உண்மை. 1898 பெப்ரவரி 15 அன்று ஹவானா துறைமுகத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல் மெய்ன் வெடித்து மூழ்கியது. காரணம் தெரியும் முன்னரே நியூயோர்க்கில் பத்திரிகை முதலாளி ஹேர்ஸ்டின் பத்திரிகை ஸ்பெயின் மீது பழிபோட்டுப் பக்கம் பக்கமாக எழுதியது. ஹேர்ஸ்டும் இன்னொரு பத்திரிகை முதலாளியான புலிட்சரும் போட்டி போட்டு விற்ற அந்தப் பாணிக்கு, மஞ்சள் சட்டை போட்ட கேலிச்சித்திரச் சிறுவன் ஒருவனால் அந்தப் பெயர் வந்தது. ஆனால் தமிழில் மஞ்சள் பத்திரிகை என்றால் ஆபாசமும் மிரட்டலும் கலந்த கீழ்த்தரத் தாள் என்று பொருள் நிலைத்துவிட்டது. போர்ச் செய்திக்கு அதை இழுத்துவந்தால் வாசகர் வேறெங்கோ போய் நிற்பார்.

எனவே நான் பரபரப்பூட்டல் என்கிறேன். பரபர என்பது இரட்டைக்கிளவி. பிரித்தால் பொருள் தராது என்று தொல்காப்பியம் விதித்த வகை. விரைவையும் பதற்றத்தையும் ஒலியிலேயே வைத்திருக்கும் சொல். பரபரப்பு என்று மட்டும் சொன்னால் போதாதா என்றால், போதாது. “புறக்கோட்டையில் பரபரப்பு” என்று செய்தி வந்தால், அங்கே உண்மையிலேயே மக்கள் பதறியிருக்கிறார்கள் என்று பொருள். அது நிகழ்ச்சியின் தன்மை; செய்தியாளரின் குற்றம் அன்று. சொல்லின் உயிர் பின்பகுதியில் இருக்கிறது. உண் என்பதன் பிறவினை ஊட்டு. பாலூட்டல், அச்சமூட்டல், வெறியூட்டல் எதிலும் ஊட்டுபவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். இல்லாத பதற்றத்தையோ, இருப்பதைவிடக் கூடுதலான பதற்றத்தையோ பார்ப்பவரின் வாயில் யாரோ வைக்கிறார் என்பதை இந்தச் சொல் மறைக்காமல் சொல்கிறது. உணர்ச்சிவாதத்தில் அந்தக் கை தெரிவதே இல்லை.

2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்டபோது வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் இந்திய அலைவரிசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கராச்சித் துறைமுகம் தாக்கப்பட்டது என்று நடக்காததை நடந்ததாகச் சில அலைவரிசைகள் சொல்லின. பொய்யாவது மறுநாள் வெளுத்துவிடும். திரையில் ஓயாமல் ஒலித்த சைரன்தான் எனக்கு அதைவிடக் கொடியதாகப் பட்டது. விமானத் தாக்குதல் வருகிறது, ஒளிந்துகொள் என்று மக்களை எச்சரிக்க இருக்கும் ஒலியைப் பின்னணி இசையாக்கிவிட்டார்கள். கிபிர் போர்விமானத்தின் இரைச்சல் கேட்டால் பதுங்குகுழிக்குள் பாய்ந்து பழகிய என் அக்கா, வன்னியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தவர், எழுந்துபோய்த் தொலைக்காட்சியை அணைத்துவிட்டார். மே 10 அன்று இந்திய அரசே, சைரன் ஒலியை நிகழ்ச்சிகளில் பயன்படுத்த வேண்டாம், பழகிப்போனால் உண்மையான எச்சரிக்கையை மக்கள் பொருட்படுத்த மாட்டார்கள் என்று ஊடகங்களுக்கு அறிவுறுத்தியது. புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில் பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியின் போர் அறிவிப்பு வருகிறது: பசுக்களும் பெண்களும் நோயாளரும் உள்ளிட்டோரே, அம்பு விடப் போகிறோம், பாதுகாப்பான இடம் சேருங்கள் என்று. போரைப் பற்றிய செய்தி யாருக்காக என்பது அந்த அறிவிப்பில் ஐயமறத் தெரிகிறது. சைரனும் அதே வேலைக்குப் பிறந்தது. அதைப் பரபரப்பூட்டலுக்கு எடுத்தவர்கள் உணர்ச்சி மிகுந்தவர்கள் அல்லர். அக்காவின் உணர்ச்சி அவர்களுக்கு எட்டவே இல்லை.

இரண்டாவது சொல்லுக்கு, ஆங்கிலத்தின் செல்ஃப் புரமோஷனுக்கு, வருகிறேன். ‘சுய ஊக்குவிப்பு’ என்பது தன்னைத் தானே உற்சாகப்படுத்திக்கொள்வது. இன்னொரு கையேட்டில் ‘சுயமேம்பாடு’ என்றுகூடப் பார்த்தேன். குற்றம் நற்பண்பாகிவிட்டது! தற்புகழ்ச்சி என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. தன்னைத் தான் புகழ்வது தகாது என்று சொன்ன நன்னூல், அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றல் அறியாதவரிடையே, அவையில் வெல்ல வேண்டியபோது, எதிராளி பழித்தபோது என நான்கு இடங்களில் மட்டும் புலவனுக்கு அதை விட்டுக்கொடுக்கிறது. போர்க்களம் அந்த நான்கில் இல்லை. 2003இல் ஈராக்கில் தாம் சென்ற ஹெலிகொப்டர் சுடப்பட்டது என்று சொல்லிவந்த அமெரிக்கத் தொலைக்காட்சி என்பிசியின் செய்தியாளர் பிரையன் வில்லியம்ஸ், சுடப்பட்டது வேறொரு ஹெலிகொப்டர் என்று தெரியவந்ததால் 2015இல் ஆறு மாதம் இடைநிறுத்தப்பட்டார். இது தற்புகழ்ச்சி. ஆனால் அதே போரில் ஃபொக்ஸ் நியூஸின் ஜெரால்டோ ரிவேரா, நேரடி ஒளிபரப்பில் மணலில் வரைபடம் கீறித் தாம் சேர்ந்து சென்ற படை எங்கே நிற்கிறது என்று காட்டினார். படையினர் அவரை வெளியேற்றினர். அவர் தம்மை ஒரு சொல்லாலும் புகழவில்லை. தம்மைக் காட்சியாக்கினார். இதற்குத் தன்விளம்பரம் என்பதே சரி. கையேட்டுக்காரர்கள் எச்சரிக்க விரும்பியதும் இதையே.

மொழிபெயர்ப்பாளர்களின் அவசரம் எனக்குத் தெரியும். இரவு வந்த பக்கம் காலையில் அச்சுக்குப் போக வேண்டும். ஆனாலும் படையோடு சென்ற செய்தியாளரை ‘பதிக்கப்பட்ட ஊடகவியலாளர்’ என்றும், குண்டுக்குப் பலியான பொதுமக்களை ‘பக்கச் சேதம்’ என்றும் எழுதும்போது ஒரு கணம் நிறுத்தி, இதை வவுனியாவில் ஒருவர் வாசித்தால் என்ன விளங்கும் என்று கேட்டுப் பார்க்கலாம். சேதம் பொருளுக்கு வருவது. மனிதர் இறந்தால் இறந்தார்கள் என்று எழுதத் தமிழில் வினைச்சொல் இருக்கிறது.

கையேட்டின் அந்த வரிகளைத் திருத்தி ஏற்பாட்டாளர்களுக்கு அனுப்பியிருக்கிறேன்: “போர்ச் செய்தியில் பரபரப்பூட்டாதீர்கள், தன்விளம்பரம் தேடாதீர்கள். பாதிக்கப்பட்டவரின் உணர்ச்சியை உள்ளபடி காட்டுங்கள்.” மூன்றாவது வரி ஆங்கிலத்தில் இல்லை. மட்டக்களப்புத் தம்பிக்காகச் சேர்த்தேன்.