எட்டு மூலைகள்

அடுத்த முறை சிக்னலில் ஒரு கன்டெய்னர் லாரி உங்கள் அருகே நின்றால், பெட்டியின் மூலையைப் பாருங்கள். நீள்வட்டத் துளைகளோடு கனத்த எஃகுக் கட்டி ஒன்று தெரியும். பெட்டிக்கு எட்டு மூலை, எட்டுக் கட்டி. துறைமுகக் கிரேன் பெட்டியைத் தூக்குவது அந்தத் துளைகளைப் பற்றித்தான்.

பக்கச் சுவர் சுமார் 2 மில்லிமீட்டர் நெளிதகடுதான். மேலே அடுக்கும் பெட்டிகளின் எடையை மூலைத் தூண்கள் நான்கும் தாங்கித் தரைக்கு இறக்கிவிடுகின்றன. கீழ்ப்பெட்டிக்கும் மேல்பெட்டிக்கும் நடுவே கூம்பு முனையுள்ள ஒரு பூட்டு நுழையும். முனையை 90 பாகை திருப்பினால் இரண்டும் இறுகிவிடும். லாரியிலும் பெட்டியைப் பிடித்துவைப்பது இதே வகைப் பூட்டுதான். உள்ளே துணியா, தேயிலையா என்று வழியில் யாரும் திறந்து பார்த்து மாற்றி ஏற்ற வேண்டியதில்லை.

இந்தப் பெட்டி வருவதற்கு முன்பு ஒவ்வொரு மூட்டையும் பீப்பாயும் மனிதத் தோளிலும் கையிலும் ஏறி இறங்கியது. 1956 ஏப்ரல் 26 அன்று, லாரித் தொழிலில் வளர்ந்த மால்கம் மெக்லீன் 58 பெட்டிகளை 'ஐடியல் எக்ஸ்' கப்பலில் ஏற்றி, அமெரிக்காவின் நூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். உதிரிச் சரக்கை ஏற்ற டன்னுக்கு 5.83 டாலர் ஆன காலம் அது. இந்தக் கப்பலுக்கான கணக்கோ டன்னுக்கு 16 சென்ட்டைக்கூட எட்டவில்லை.

இருந்தும் உலகம் உடனே மாறிவிடவில்லை. ஒரு நிறுவனம் 35 அடிப் பெட்டி வைத்திருந்தது, இன்னொன்று 24 அடி. ஒருவர் பெட்டி மற்றவர் கப்பலில் பொருந்தாது. சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 1960களில் ஆண்டுக்கணக்கில் வாதாடித்தான் 20 அடி, 40 அடி என்ற அளவுகளுக்கும் பொதுவான மூலைக் கட்டிக்கும் வந்துசேர்ந்தது. மெக்லீனின் நிறுவனம் தன் மூலைக் கட்டிக் காப்புரிமையைக் கட்டணமின்றித் திறந்துவிட்டது. போட்டியாளர்களுக்கும் சேர்த்துச் செய்த அந்தக் காரியத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை பிறக்கிறது.

ஆதாயம் யாருக்குப் போனது? அமெரிக்க மேற்குக் கரையில் ஹாரி பிரிட்ஜஸ் தலைமையிலான துறைமுகத் தொழிலாளர் சங்கம் 1960இல் ஓர் ஒப்பந்தம் போட்டது. இயந்திரங்களை வரவிட்டு, பதிலுக்கு நிரந்தரத் தொழிலாளர்களுக்கு வேலைப் பாதுகாப்பும் முதலாளிகளின் பணத்தில் ஒரு நிதியும் பெற்றது. லண்டனில் 1967 முதல் 1981 வரை பழைய கப்பல்துறைகள் ஒவ்வொன்றாக மூடின. பெலிக்ஸ்டோ என்ற சிற்றூர்த் துறைமுகம் பிரிட்டனின் மிகப்பெரிய கன்டெய்னர் துறைமுகமானது.

சென்னைத் துறைமுகத்தில் 1983இல் தனிக் கன்டெய்னர் முனையம் வந்தது. பொருளைப் பெட்டியில் அடைப்பதும் பிரிப்பதும் மணலி, மாதவரம் பக்கத்துக் கிடங்குகளுக்கு நகர்ந்தன. கப்பல் விரைவாகக் கிளம்பிவிடுகிறது. எண்ணூர் நெடுஞ்சாலையிலோ கன்டெய்னர் லாரிகளின் வரிசை கிலோமீட்டர் கணக்கில் நீண்ட நாட்கள் உண்டு. மேற்குக் கரைத் தொழிலாளருக்குக் கிடைத்தது போன்ற ஓர் ஒப்பந்தத்தில், அந்த வரிசையில் இரவைக் கழித்த ஓட்டுநருக்கும் ஒரு பங்கு எழுதப்பட்டிருக்க வேண்டும்.